ஏர்லாக் நின்றுவிட்டது, நாளை பாட்டிலில் அடைக்கலாமா? (முதல் பீர், 4ஆம் நாள்)

#1 புதுநுரை (4ஆம் நாள்)

வணக்கம். முதல் முறையாக வீட்டில் பீர் காய்ச்சியிருக்கிறேன். 20 லிட்டர் பேல் ஏல், தொடக்க கிராவிட்டி (சர்க்கரையால் ஏறும் அடர்த்தி, வெறும் தண்ணீர் 1.000) 1.050. ஞாயிறு மாலை 11 கிராம் உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம் போட்டேன். திங்கள் காலை எழுந்தபோதே வாளி மூடியில் செருகிய ஏர்லாக்கில் குமிழி வர ஆரம்பித்திருந்தது. செவ்வாயன்று நொடிக்கு ஒரு குமிழி, அடுத்த அறை வரை சத்தம் கேட்டது. புதன் மாலை தளர்ந்தது. இன்று வியாழன். பத்து நிமிடம் வாளிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு குமிழிகூட இல்லை.

பொருட்களோடு வந்த தாளில் "5 முதல் 7 நாள், குமிழி நின்றதும் பாட்டிலில் அடைக்கவும்" என்று போட்டிருக்கிறது. பாட்டில் எல்லாம் கழுவித் தயாராக வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு வாரத்தில் நண்பர்கள் வருகிறார்கள். நாளை அடைத்துவிட்டால் அவர்கள் வரும்போது சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அடைக்கலாமா?

#2 கலயம்

வேண்டாம் தம்பி.

ஏர்லாக் என்பது வாயு வெளியே போக ஒரு வழி, அவ்வளவுதான். மூடியின் ரப்பர் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் வாயு அந்தப் பக்கமாகப் போய்விடும், ஏர்லாக் அசையவே அசையாது. முழுதாக முடிந்துபோன பீர்கூட அறை கொஞ்சம் சூடானால் கரைந்திருக்கும் வாயுவை விட்டுக் குமிழி காட்டும். ஒரு குமிழியும் வராத வாளியில் பீர் நன்றாக முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். பத்து நாள் குமிழி விட்ட வாளியில் நொதித்தல் ஆறாம் நாளே முடிந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

1.050 என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக கிராவிட்டி அளக்கும் ஹைட்ரோமீட்டர் கையில் இருக்கிறது. இன்று ஒரு அளவு எடுங்கள். வாளியின் வெப்பநிலையையும் சொல்லுங்கள்.

#3 புதுநுரை

எடுத்துவிட்டேன் அண்ணா. 1.018. மாதிரியைக் குடித்தும் பார்த்தேன். இனிப்பு இருக்கிறது, கூடவே பச்சை ஆப்பிள் போல ஒரு வாடை. அறை 23 டிகிரி. வாளியில் ஒட்டியிருக்கும் வெப்பப் பட்டை செவ்வாயன்று 27 காட்டியது, இன்று 24.

குழாயில் எடுத்த மீதி மாதிரியை வாளியிலேயே ஊற்றிவிடலாமா?

#4 தராசுமுள்

ஊற்றாதீர்கள். 100 மில்லி போனால் போகட்டும். அது காற்றுப் பட்டது, குழாய் பட்டது. அதைத் திருப்பி ஊற்றி 20 லிட்டரைப் பணயம் வைக்கக் கூடாது.

அளவெடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். புதிதாக எடுத்த மாதிரியில் வாயு இருக்கும், சின்னச் சின்னக் குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும், அளவு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். மாதிரியை இரண்டு குவளைகளுக்கு இடையே நாலைந்து முறை மாற்றி ஊற்றி வாயுவை விரட்டிவிட்டு, ஹைட்ரோமீட்டரை விரலால் ஒரு சுழற்று சுழற்றி விடுங்கள். அது நின்றபின், திரவம் கண்ணாடியோடு ஏறி வளைந்திருக்கும் விளிம்பை விட்டுவிட்டு, அடிமட்டத்தில் படியுங்கள். உங்கள் கருவி எந்த வெப்பநிலைக்கு அளந்து செய்யப்பட்டது என்று அதன் தாளிலேயே இருக்கும், பெரும்பாலும் 20 டிகிரி. 24இல் வித்தியாசம் ஒரு புள்ளிக்குள்தான் (புள்ளி என்றால் 0.001), கவலை வேண்டாம்.

இனி கணக்கு. சாதாரண ஏல் ஈஸ்ட் 1.000க்கு மேல் இருப்பதில் 75 சதவீதம் அளவுக்கு இறக்கும். 1.050 என்றால் 1.012, 1.013 பக்கம் வந்து நிற்க வேண்டும். நீங்கள் 1.018இல் இருக்கிறீர்கள், இன்னும் ஐந்தாறு புள்ளி பாக்கி. மூடிய பாட்டிலுக்குள் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய அரை வால்யூம் கார்பன் டை ஆக்சைடு தரும் (ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் ஒரு வால்யூம்). ஆறு புள்ளி என்றால் மூன்று. அதற்கு மேல் பிரைமிங் சர்க்கரை (பாட்டிலில் வாயு ஏற அடைக்கும்போது சேர்ப்பது) போட்டு நீங்கள் எட்ட நினைக்கும் 2.4. இரண்டையும் கூட்டினால் ஐந்தைத் தாண்டுகிறது. சாதாரண பீர் பாட்டிலுக்கு மூன்றே அதிகம்.

#5 மழைச்சாரல்

தராசுமுள் சொன்ன கணக்கு என் வீட்டு அலமாரியில் நடந்தது. எழுதியே ஆக வேண்டும்.

என்னுடைய மூன்றாவது பீர். ஆறாம் நாள் 1.020. மால்ட் சாறு போட்ட பீர் 1.020இல் நின்றுவிடுவது உண்டு என்று படித்திருந்தேன், அதை நம்பி அடைத்தேன். 24 பாட்டில். அட்டைப்பெட்டியில் அடுக்கி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். பதினேழாம் நாள் இரவு, இரண்டு மணி இருக்கும், யாரோ கதவை உதைத்தது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் அலமாரிக் கதவின் அடியில் நுரை வழிகிறது. திறக்கலாம் என்று கை பிடிக்குப் போன நேரத்தில் உள்ளே இரண்டாவது வெடித்தது. கதவு மூடியிருந்தது, அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பார்த்தபோது ஒரு பாட்டிலின் கழுத்து, மூடி கழலாமலே, மேல்தட்டுப் பலகையின் அடிப்பக்கத்தில் குத்திக்கொண்டு நின்றது. நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மீதி 22ஐ எப்படி எடுத்தேன் என்றும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். உடனே தொடவில்லை. அறையை முடிந்தவரை குளிர வைத்து ஒரு நாள் விட்டேன். முகம் முழுதும் மறைக்கும் கவசம், தோல் கையுறை, கனமான கோட்டு. ஈரப் போர்வையைப் பெட்டி மேல் போர்த்தி, ஒவ்வொன்றாகக் குளிர்பெட்டிக்கு மாற்றினேன். குளிரில் வாயு பீருக்குள் கரையும், அழுத்தம் குறையும். இரண்டு நாள் கழித்து, துணியால் சுற்றியபடியே மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி வாயுவை விட்டேன்.

குழந்தைகள் இருக்கும் வீடு எங்களுடையது. அன்று பகலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு. அடைக்காதீர்கள் தம்பி.

#6 புதுநுரை

படித்துக் கை நடுங்கிவிட்டது அக்கா. அடைக்கவில்லை. பாட்டில்களைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. இரண்டு நாளில் 1.050இலிருந்து பெரும்பகுதி இறங்கிவிட்டது. கடைசி ஆறு புள்ளிக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?

#7 அடிவண்டல்

நல்ல கேள்வி. விடை தெரிந்தால் காத்திருப்பது சுலபமாகிவிடும்.

வோர்ட்டில் (பீராக மாறும் முன் இருக்கும் மால்ட் நீர்) இருப்பது ஒரே சர்க்கரை இல்லை. குளுக்கோஸ் கொஞ்சம், மால்டோஸ் பெரும்பங்கு, மால்டோட்ரையோஸ் கொஞ்சம், ஈஸ்ட் தொடவே தொடாத டெக்ஸ்ட்ரின் மீதி. ஈஸ்ட் எளியதிலிருந்து தொடங்கும். குளுக்கோஸ் முதலில் போகும், பிறகு மால்டோஸ். நீங்கள் கேட்ட சத்தம் எல்லாம் அந்தக் கட்டம்தான். மால்டோட்ரையோஸ் மூன்று குளுக்கோஸ் கோத்த பெரிய மூலக்கூறு, அதை உள்ளே இழுத்து உடைக்க நேரமாகும். அதற்குள் செல்களும் களைத்திருக்கும், பாதி அடியில் படிய ஆரம்பித்திருக்கும். வேலை நடக்கிறது, சத்தம் இல்லாமல் நடக்கிறது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. சர்க்கரை தீர்ந்ததும் பீர் முடிந்துவிடவில்லை. உங்கள் மாதிரியில் வந்த பச்சை ஆப்பிள் வாடை அசிட்டால்டிஹைடு. ஆல்கஹால் ஆவதற்கு ஒரு படி முந்திய பொருள் அது. ஈஸ்ட் அவசரமாக வேலை செய்யும்போது வெளியே கசிந்துவிடும், வேகம் குறைந்தபின் அதையே திரும்ப எடுத்து ஆல்கஹாலாக மாற்றும். வெண்ணெய் வாடை தரும் டயாசெட்டில் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அங்கே ஒரு சுற்று கூடுதல். ஈஸ்ட் விடுவது அசிட்டோலாக்டேட் என்ற வாசனையற்ற பொருள். அது பீரில் மிதந்துகொண்டே மெதுவாகத் தானாக டயாசெட்டிலாக மாறும், அதற்குப் பிறகுதான் ஈஸ்ட் அதை உறிஞ்சி அழிக்க முடியும். முதல் மாற்றத்தை ஈஸ்ட் வேகப்படுத்த முடியாது. கொஞ்சம் வெப்பமும் சில நாட்களும்தான் அதைச் செய்யும்.

அதனால் கிராவிட்டி நின்ற அன்றே குளிர வைத்தாலோ, ஈஸ்ட்டை விட்டுப் பீரைப் பிரித்தாலோ, துப்புரவு வேலை பாதியில் நின்றுவிடும். இன்று மணக்காத பீர் பாட்டிலில் போய் வெண்ணெய் மணக்கும்.

#8 இரவுப்பணி

என் வழக்கம் வேறு. எல்லா பீருக்கும் வாளியில் மூன்று வாரம். அதற்கு முன் மூடியைத் தொடுவதே இல்லை. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான், ஒரு பாட்டில்கூட வெடித்ததில்லை.

புதியவரிடம் ஹைட்ரோமீட்டரைக் கொடுத்தால் தினமும் அளப்பார். தினமும் மூடி திறக்கும், காற்றுப் புகும், 20 லிட்டரில் ஒரு லிட்டர் மாதிரியிலேயே போகும். நாள்காட்டியில் ஒரு வட்டம் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள் தம்பி.

#9 தராசுமுள்

இரவுப்பணி அண்ணா, உங்கள் பீர் நன்றாக இருப்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் புதியவருக்கு இதை விதியாகச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

நாள்காட்டி ஈஸ்ட்டுக்குத் தெரியாது. நார்வேயின் பண்ணை ஈஸ்ட்டான குவெய்க்கை 35 டிகிரியில் போட்டால் மூன்று நான்கு நாளில் முடித்துவிடும். அதே வோர்ட்டில் லாகர் ஈஸ்ட்டை 10 டிகிரியில் போட்டால் இரண்டு வாரம்கூடப் போதாமல் போகலாம். அப்புறம், பாதியில் மாட்டிக்கொண்ட நொதித்தல் இருக்கிறதே, அது மூன்று வாரம் ஆனாலும் ஐந்து வாரம் ஆனாலும் 1.022இலேயே நிற்கும். அளக்காமல் அடைத்தால் பிரைமிங் சர்க்கரையும் கொஞ்சம் வெப்பமும் பட்டு ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். அப்போது மூன்று வாரம் பொறுத்ததற்குப் பலன் மழைச்சாரல் அக்கா வீட்டு அலமாரிதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் தூக்கலாக இருக்கும் பீரும் கோதுமை பீரும் இளமையில்தான் அழகு. பத்து நாளில் முடிந்துவிட்ட அப்படி ஒரு பீரை மேலும் பத்து நாள் வாளியில் வைத்தால் மணம்தான் போகும்.

தினமும் அளக்கச் சொல்லவில்லை. 7ஆம் நாள் ஒன்று, 10ஆம் நாள் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால், அதோடு எதிர்பார்த்த எண்ணுக்கு அருகில் இருந்தால், முடிந்தது. இல்லையென்றால் மூன்று நாள் கழித்து இன்னொன்று. வாளியின் அடியில் குழாய் இருந்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

#10 இரவுப்பணி

பாதியில் மாட்டிக்கொள்வது பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் ஒரு அளவாவது எடுக்க வேண்டும், நானும் எடுப்பேன், எழுத விட்டுவிட்டேன். ஆனால் புதியவர்களின் முதல் எதிரி கை. அதைக் கட்டிப்போட ஒரு தேதி உதவுகிறது என்பதில் நான் மாறவில்லை.

#11 முதல்வாளி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இது முதல் பீர். என்னிடம் ஹைட்ரோமீட்டர் இல்லை, ரிஃப்ராக்டோமீட்டர்தான். தொடக்கம் 12.4 பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீதம்). இன்று 12ஆம் நாள், ஒரு வாரமாக 6.5இலேயே நிற்கிறது. அட்டவணையில் பார்த்தால் 1.025க்கு மேல். மாட்டிக்கொண்டுவிட்டதா? இரண்டாம் பாத்திரத்துக்கு மாற்றினால் சரியாகுமா?

#12 தராசுமுள்

உங்கள் பீர் முடிந்துவிட்டது! ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைச் சொல்கிறது. ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும், அதனால் நொதித்தல் தொடங்கியபின் அது காட்டும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. 12.4இல் தொடங்கி 6.5இல் நின்றால், திருத்தம் போட்டபின் 1.012 பக்கம் வரும். இணையத்தில் திருத்தக் கணிப்பான்கள் நிறைய இருக்கின்றன, இரண்டு எண்ணையும் போட்டுப் பாருங்கள். அடைப்பதற்கு முன் ஒரு ஹைட்ரோமீட்டரும் வாங்கி உறுதி செய்துகொள்ளுங்கள்.

#13 கலயம்

முதல்வாளி, இரண்டாம் பாத்திரம் வேண்டாம். அடியில் இருக்கும் ஈஸ்ட் செத்து அழுகி வாடை தரும் என்ற பயத்தில் முன்பு எல்லோரும் மாற்றினோம். பெரிய ஆலைகளின் உயரமான தொட்டிகளில் அடியில் இருக்கும் ஈஸ்ட் மேல் பெரும் பாரமும் சூடும் இருக்கும், அங்கே அது உண்மையான கவலை. நம் வாளியில் மூன்று நான்கு வாரத்தில் அப்படி எதுவும் நடக்காது. மாற்றும்போது உள்ளே போகும் காற்றுதான் கெடுதல். பழங்கள் சேர்ப்பதற்கோ மாதக்கணக்கில் வைப்பதற்கோ என்றால் அது வேறு பேச்சு.

புதுநுரை தம்பிக்கு. செவ்வாயன்று பட்டை 27 காட்டியது என்றீர்களே, அது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு பாதிதான்.

நொதித்தலே சூடு தரும் வேலை. உச்சத்தில் வாளிக்குள் அறையைவிட மூன்று நான்கு டிகிரி, சில நேரம் அதற்கு மேலும் ஏறும். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி இதமானது. முதல் மூன்று நாளில் 27 என்றால் ஃபியூசல் என்று சொல்லும் கனமான ஆல்கஹால்கள் உருவாகும். தொண்டையில் எரியும், மறுநாள் தலை வலிக்கும் என்பார்கள். இதை மட்டும் எத்தனை வாரம் காத்தாலும் ஈஸ்ட் திரும்ப எடுக்காது.

"காத்திருங்கள், எல்லாம் சரியாகும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. பச்சை ஆப்பிள், வெண்ணெய், அழுகிய முட்டை போன்ற கந்தக வாடை, கலங்கல் இவற்றைக் காலம் சரிசெய்யும். ஃபியூசலைச் சரிசெய்யாது. கிருமி பட்டுப் புளித்ததைச் சரிசெய்யாது. காற்றுப் பட்டு நனைந்த அட்டை போலச் சப்பென்று ஆனது, நாள் ஆக ஆக மோசமாகும்.

அதனால் அடுத்த முறை பொறுமையை முதல் நாளிலேயே செலவழியுங்கள். கொதித்த வோர்ட் 30 டிகிரிக்கு வந்ததும் "போதும்" என்று ஈஸ்ட்டைக் கொட்டிவிடுகிறோம், அலுப்பாக இருக்கும், இரவு ஆகியிருக்கும். வேண்டாம். மூடிவைத்துவிட்டு, 18 வந்தபின் போடுங்கள், மறுநாள் காலை ஆனாலும் சரி. சுத்தமாக மூடியிருந்தால் அந்த ஒரு இரவில் ஒன்றும் ஆகாது. பிறகு வாளியைத் தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டியில் நிறுத்தி, காலையும் மாலையும் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைப் போடுங்கள். மூன்று நாள். அதற்குப் பிறகு தொட்டியிலிருந்து எடுத்து 21, 22 வரை தானாக ஏற விடுங்கள். கடைசிப் புள்ளிகளை முடிக்கவும் டயாசெட்டிலைத் துடைக்கவும் அந்தச் சூடு உதவும்.

#14 புதுநுரை (7ஆம் நாள்)

இன்று 1.014. ஆப்பிள் வாடை குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. வோர்ட் 29இல் இருக்கும்போதே ஈஸ்ட்டைப் போட்டேன் அண்ணா, நீங்கள் சொன்ன அதே காரணம், இரவு பதினொரு மணி ஆகிவிட்டது.

மாதிரி போன முறையைவிடத் தெளிவாக இருந்தது. வாளியின் உட்புறம் நுரை ஏறி இறங்கிய கோடு காய்ந்து பழுப்பாக ஒட்டியிருக்கிறது, அது சாதாரணம்தானே?

#15 மழைச்சாரல்

சாதாரணம். சுரண்டாதீர்கள், அப்படியே இருக்கட்டும். நீங்கள் 29இல் போட்டதால் பீர் பாழ் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் பழ வாசம் தூக்கலாக வரலாம். குடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

#16 புதுநுரை (10ஆம் நாள்)

1.012! ஆப்பிள் வாடை இல்லை. இனிப்பு இல்லை. முதல் தடவையாகப் பீர் மாதிரி இருக்கிறது. நண்பர்கள் வர எட்டு நாள் இருக்கிறது. இன்று அடைத்தால்?

#17 அடிவண்டல்

மூன்று நாள் முன்பு 1.014, இன்று 1.012. இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது? ஆக்கப் பொறுத்தீர்கள், ஆறவும் பொறுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மாதிரியை இரண்டு குவளையில் பிரித்து இரண்டையும் மூடுங்கள். ஒன்றை 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரை மணி வைத்து, பிறகு மற்றதன் வெப்பநிலைக்கு ஆற விடுங்கள். இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் மணந்தால், பீரில் ஒளிந்திருக்கும் அசிட்டோலாக்டேட் இன்னும் தீரவில்லை என்று பொருள். ஆலைகளிலும் செய்யும் சோதனைதான்.

லாகர் என்ற பெயரே சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. 1883இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டுவதற்கு முன்பே, குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்கில் வைத்தால் பீர் மென்மையாகிறது என்பது லாகர் காய்ச்சியவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பு.

#18 புதுநுரை (13ஆம் நாள்)

1.012. மாறவில்லை. சோதனையை நேற்றுச் செய்தேன், சூடாக்கிய குவளையில் மிக லேசாக, பாப்கார்ன் போல ஒரு வாடை. இன்று திரும்பச் செய்தேன், இல்லை. இரண்டு குவளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் இன்னொருவரையும் கண்ணை மூடி முகரச் சொன்னேன், அவருக்கும் தெரியவில்லை.

பிரைமிங் சர்க்கரை எவ்வளவு? வாளியில் 19 லிட்டர் மிஞ்சியிருக்கும்.

#19 கலயம்

அடையுங்கள் தம்பி, இப்போது அடையுங்கள்.

லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 19 லிட்டருக்கு 114 கிராம். தராசில் நிறுங்கள், கரண்டியால் அளக்காதீர்கள். கொஞ்சம் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டு, சுத்தம் செய்த இன்னொரு வாளியில் முதலில் ஊற்றுங்கள். அதன் மேல் பீரைக் குழாய் வழியாக, சலசலக்காமல், அடியிலிருந்து சுழன்று நிரம்பும்படி இறக்குங்கள். மெதுவாக ஒரு கிளறு. சரியாகக் கலக்காவிட்டால் ஒரு பாட்டில் சப்பென்றும் அடுத்தது பொங்கியும் வரும்.

ஒரே ஒரு பீரைப் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடையுங்கள். உள்ளே அழுத்தம் ஏறுவதை விரலால் அழுத்தியே தெரிந்துகொள்ளலாம்.

#20 தராசுமுள்

ஆல்கஹால்: 1.050இலிருந்து 1.012ஐக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் 4.99. ஐந்து சதவீதம். வாழ்த்துகள்.

பின்னால் படிக்க வருபவர்களுக்கு ஒன்று. சைசான் (ஒரு பெல்ஜிய பீர் வகை) ஈஸ்ட் போட்டவர்கள் இரண்டு ஒரே அளவை வைத்து அவசரப்படாதீர்கள். அவற்றில் சில டயாஸ்டாட்டிகஸ் வகை, மற்ற ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரினையும் உடைக்கும் நொதியை வெளியே விடும். மெதுவாக, வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். அங்கே அளவுகளுக்கு இடையே ஒரு வாரமாவது விட வேண்டும், கனமான பாட்டிலும் வேண்டும்.

#21 புதுநுரை (பாட்டிலில் 5ஆம் நாள்)

நேற்று நண்பர்கள் வந்தார்கள். ஒரு பாட்டில் மட்டும் திறந்தேன். ஊற்றும்போது நுரையே இல்லை, நாக்கில் சர்க்கரை இனிப்பு. சர்க்கரை போதவில்லையா? எல்லாவற்றையும் திறந்து பாட்டிலுக்கு அரைக் கரண்டி சேர்த்து மறுபடி மூடிவிடலாமா?

#22 மழைச்சாரல்

திறக்காதீர்கள்! இனிப்பு தெரிகிறது என்றால் சர்க்கரை அங்கேயே இருக்கிறது, ஈஸ்ட் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதற்கு மேல் சர்க்கரை போட்டால் என் அலமாரிக் கதைதான். இப்போது மிதக்கும் ஈஸ்ட் குறைவு, ஆல்கஹால் சூழ்ந்திருக்கிறது, உணவும் கொஞ்சம். மெதுவாகத்தான் நடக்கும். பாட்டில்கள் எந்த வெப்பநிலையில் இருக்கின்றன?

#23 புதுநுரை

கீழ் அறையில், தரையில். இப்போது அளந்தேன், 15 டிகிரி.

#24 மழைச்சாரல்

அதுதான் காரணம். 20, 22 இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள், வெளிச்சம் படாமல், மூடிய பெட்டிக்குள். அங்கிருந்து இரண்டு முழு வாரம். சோடா பாட்டிலை மட்டும் அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

#25 இரவுப்பணி

நண்பர்கள் வந்தபோது ஒரே ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொண்டீர்களே தம்பி, அது பெரிய விஷயம். என் முதல் பீரில் பாதியை நான் இரண்டாம் வாரத்துக்குள் குடித்துத் தீர்த்தேன். மிஞ்சியதை ஆறாம் வாரம் குடித்தபோது அழுகை வந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது.

#26 புதுநுரை (பாட்டிலில் 20ஆம் நாள்)

சோடா பாட்டில் நான்கு நாளாகக் கல் மாதிரி இருக்கிறது. நேற்றுக் காலை இரண்டைக் குளிர்பெட்டியில் வைத்து இன்று மாலை திறந்தேன்.

மூடியை நெம்பும்போதே 'ஸ்ஸ்' என்று சத்தம். சாய்த்த குவளையில் மெதுவாக ஊற்றினேன், இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை, குடித்து முடிக்கும்வரை குவளையில் வளையம் வளையமாக ஒட்டி நின்றது. இனிப்பு சுத்தமாக இல்லை. ஹாப்ஸ் கசப்பு இதமாக இருக்கிறது. கலயம் அண்ணா பயந்த எரிச்சல், விழுங்கியபின் தொண்டையில் கொஞ்சம் இருக்கிறது, தேடினால் தெரிகிறது. வாழைப்பழம் போல ஒரு மணமும் உண்டு. அது 27 டிகிரியின் வேலை என்று இப்போது தெரிகிறது. பாட்டில் அடியில் ஒரு மெல்லிய ஈஸ்ட் படலம், கடைசி விரற்கடையை ஊற்றாமல் விட்டேன்.

4ஆம் நாள் குடித்த மாதிரியின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. இதுவும் அதுவும் ஒரே வாளியில் இருந்தவை என்று நம்ப முடியவில்லை.

இன்னும் 40 பாட்டில் இருக்கிறது. எல்லாவற்றையும் குளிரில் வைத்துவிடலாமா, அல்லது அறையிலேயே இருக்கட்டுமா?

#27 கலயம்

மகிழ்ச்சி தம்பி, மனம் நிறைந்தது.

வாயு ஏறி முடிந்தபின் குளிர்தான் நல்லது. இடம் இருக்கும் அளவுக்குக் குளிர்பெட்டியில், மீதியை வீட்டிலேயே குளிர்ச்சியான இருட்டு மூலையில். நிற்க வைத்துத்தான் வையுங்கள், படலம் அடியில் கெட்டியாகும். பேல் ஏல் என்பதால் ஹாப்ஸ் மணம் மங்குவதற்குள், இரண்டு மூன்று மாதத்தில் குடித்துவிடுங்கள். வாரத்துக்கு ஒன்று திறந்து, தேதி போட்டு, ருசியை ஒரு வரியில் எழுதி வையுங்கள். உங்கள் நாக்குக்கு எந்த வாரம் பிடித்தது என்பது அதில்தான் தெரியும்.

அடுத்ததற்கு ஈஸ்ட் போடும் முன் வோர்ட்டின் வெப்பநிலையை இங்கே எழுதுங்கள்.